இரண்டு படங்களும் அரை டம்ளர் காபியும்

பதினொரு மணிக்கு இரண்டாம் மாடியில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்பது முத்திரைக்காரருக்குத் தெரியும். இரண்டும் அவருடைய இதயத்தை எடுத்த படங்கள். மூன்று வாரத்துக்கு முன்பு எடுத்த முதல் படம், இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றது. நெஞ்சு வலி வந்து சேர்த்த பிறகு முந்தாநாள் எடுத்த இரண்டாவது படம், மூன்று இரத்தக் குழாய்களும் சுருங்கிக் கிடக்கின்றன என்றது. நாளைக் காலை அறுவை சிகிச்சை. முதல் படத்தின் அறிக்கைக்கு அடியில் கையெழுத்துப் போட்டிருந்தவள் அவருடைய மருமகள்.

மணி ஒன்பதே முக்கால். நான்காம் மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். தலையணையில் சாயவில்லை. எடை அளவுத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லாவிட்டால் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அந்த வேலையில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் முத்திரைக்காரர். அத்தனை வருஷத்தில் எந்தக் கடையிலும் ஒரு வாய் காபி குடித்ததில்லை. "தண்ணி என் பையிலயே இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். ஓய்வு பெற்றுப் பதினொரு வருஷம் ஆகியும் அந்த முதுகு வளையவில்லை. வளையவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கட்டிலுக்குப் பக்கத்தில் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்த துண்டுகளைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவள் அவரோடு சரியாகப் பேசவில்லை. மகன் கப்பல் வேலையில் கடலில் இருக்கிறான். அவன் இருந்தால் இந்த மௌனத்தைக் கொஞ்சம் கலைத்திருப்பான்.

மருமகள் உள்ளே வந்தாள். வெள்ளைக் கோட்டு, நெஞ்சோடு அணைத்த கோப்பு, தூங்காத கண். இதே ஆஸ்பத்திரியில் அணு மருத்துவப் பிரிவில் டாக்டர். கொஞ்சம் கதிர்மருந்தை நரம்பில் ஏற்றி, அது இரத்தத்தோடு சேர்ந்து இதயத்தில் எங்கெங்கே போகிறது என்று படம் எடுத்துப் பார்க்கும் பிரிவு அது.

"தூங்கினீங்களா மாமா? வலி வந்துச்சா?"

"இல்ல. நீ உட்காரு. எனக்கு ஒண்ணு சொல்லு. ரெண்டு மிஷினும் ரெண்டு விதமாச் சொன்னா, ஒண்ணு பொய் சொல்லுதுன்னுதானேம்மா அர்த்தம்?"

அவள் உட்காரவில்லை. ஆனாலும் பதில் சொன்னாள். "பொய்யின்னு இல்ல மாமா. உங்க பாஷையிலயே சொல்றேன். பழைய மிஷின், ஸ்பெக்ட்டுன்னு சொல்றோமே, அது படிக்கல் இல்லாத தராசு. இந்தத் தட்டுல இருக்கறது அந்தத் தட்டை விடக் கம்மியான்னு மட்டும் சொல்லும். இதயத்துல ஒரு பக்கம் ரத்தம் கொறஞ்சா அந்தப் பக்கம் மங்கலாத் தெரியும், பிடிச்சுடலாம். மூணு பக்கமும் ஒரே அளவுக்குக் கொறஞ்சா?"

"முள்ளு நடுவுல நிக்கும்."

"அதேதான். பாக்கறவங்களுக்கு நல்ல இதயமாத் தெரியும்."

"புதுசு?"

"பெட். அது படிக்கல் வெச்சு நிறுக்கற மாதிரி. ஒரு கிராம் சதைக்கு நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் போகுதுன்னே கணக்குச் சொல்லும். மருந்து குடுத்துக் குழாயை விரிய வெச்சா ரத்தம் ரெண்டு மடங்குக்கு மேல ஏறணும். உங்களுக்கு ஒண்ணேகால் மடங்குதான் ஏறிச்சு. மூணு பக்கமும் அதே கதை."

முத்திரைக்காரருக்கு மனசு கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது. "அப்போ உன்மேல என்ன தப்பு? தராசோட குறை. அதைத்தானே பதினொரு மணிக்குப் பேசப் போறாங்க?"

மருமகள் கோப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "அப்படியும் சொல்லலாம்" என்றாள். பிறகு, "எழுந்து நடக்காதீங்க. வலி வந்தா நாக்குக்கு அடியில ஸ்ப்ரே அடிச்சுக்கோங்க. மத்தியானம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த 'அப்படியும்' அவர் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது.

அவள் போன பத்து நிமிஷத்தில் சம்பந்தி வந்தார். மருமகளின் அப்பா. இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர், நாளைக்கு எட்டு டீ குடிக்கிறவர், எதற்கும் சிரிக்கிறவர். இவர்கள் சம்பந்தி ஆவதற்குப் பல வருஷம் முன்பே ஒருவரை ஒருவர் தெரியும். கிலோவுக்கு நாற்பது கிராம் குறைவாக நிறுத்துக் கொடுத்த அவருடைய தராசை முத்திரைக்காரர் பறிமுதல் செய்தவர். "என் தராசைத் தூக்கிட்டுப் போனவர், இப்போ என் பொண்ணையும் தூக்கிட்டுப் போயிட்டார்" என்று கல்யாணத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். முத்திரைக்காரர் சிரிக்கவில்லை.

இன்றைக்கு அவரும் சிரிக்கவில்லை. பிளாஸ்கைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, அவ உங்ககிட்ட சொல்ல மாட்டா. காலையில கார்ல வரும்போது அழுதா. அதனால நான் சொல்றேன்."

"சொல்லுங்க."

"முதல் படம் எடுத்த அன்னைக்குக் குழாயை விரிய வெக்க மருந்து ஏத்தினாங்கல்ல, அதுக்கு முன்னாடி உங்க நாடி எழுபத்திரெண்டாம். மருந்து ஏறினப்புறம் எழுபத்தஞ்சாம். நல்லா இன்னும் பத்து பதினஞ்சாவது எகிறணுமாம். எகிறலைன்னா மருந்து வேலை செய்யலையோன்னு சந்தேகப்படணுமாம். டீ, காபி குடிச்சிருந்தா அந்த மருந்து பிடிக்கவே பிடிக்காதாம். குழாய் விரியலைன்னா படம் எடுத்தும் எடுக்காத மாதிரிதான்."

மனைவியின் கையில் துண்டு நின்றது.

"'நாடி ஏறலைன்னு உங்க கைப்படவே எழுதியிருக்கீங்களே, அப்புறம் ஏன் வேற ஒரு நாள் திருப்பி எடுக்கலை'ன்னு பெரிய டாக்டர் இவகிட்ட கேட்டிருக்கார். இவ சொன்ன பதிலைக் கேளுங்க. 'எங்க மாமா காபி குடிக்கலைன்னு சொன்னார். அவர் சொன்னா அதுக்கு மேல சோதிச்சுப் பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல'ன்னாளாம்." சம்பந்தி கையை விரித்தார். "ஒரு டாக்டர் பேசற பேச்சா இதுன்னு கேட்டுட்டாங்க. இன்னைக்குக் கூட்டத்துல முடிவு பண்ணப் போறது அதைத்தான். இனிமே அவ தனியாக் கையெழுத்துப் போடலாமா, கூடாதா. கூடாதுன்னு ஆயிட்டா இந்த ஊர்ல எந்த ஆஸ்பத்திரியில அவளை நம்பி அறிக்கை எழுத விடுவாங்க?"

பிளாஸ்க் மூடியைக் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி அவர் வெளியே போனார். கண்ணைத் துடைக்கத்தான் போனார் என்பது இருவருக்கும் புரிந்தது.

அந்த நாள் காலை முத்திரைக்காரருக்கு நிமிஷம் நிமிஷமாக ஞாபகம் இருந்தது. இருபத்து நான்கு மணி நேரம் காபி, டீ கூடாது என்று மருமகள் காகிதத்தில் எழுதியே கொடுத்திருந்தாள். முதல் நாள் முழுக்கக் குடிக்காமல் இருந்துவிட்டார். ராத்திரி தலை இடிக்க ஆரம்பித்தது. காலை ஐந்து மணிக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. அடுப்படிக்குப் போய்த் தானே கலந்தார். அரை டம்ளர், கொஞ்சம் திக்காகவே. எந்தப் படிக்கல்லுக்கும் இவ்வளவு பிழை இருக்கலாம் என்று சட்டமே ஒரு அனுமதி வைத்திருக்கிறது. அரை டம்ளர் அந்த அனுமதிக்குள் அடங்கும் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார்.

பிறகு சம்பந்தியின் காரில் கிளம்பினார்கள். சம்பந்தி வழியில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த முத்திரைக்காரர், "ஒரு நாள் நாக்கைக் கட்ட முடியாதவன் வேற எதைக் கட்டுவான்?" என்று ஆரம்பித்து, ஆஸ்பத்திரி வாசல் வரை கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும் நர்ஸ் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஐயா, காபி டீ ஏதாவது குடிச்சீங்களா?" என்றாள். பக்கத்து நாற்காலியில் சம்பந்தி.

"என்னைப் பாத்தா சொன்ன பேச்சைக் கேக்காத ஆள் மாதிரியா தெரியுது?" என்றார் முத்திரைக்காரர்.

நர்ஸ் பயந்துபோய் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள். நான் பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன் என்று மூன்று வாரமாகத் தனக்குத் தானே அவர் சமாதானம் சொல்லி வந்திருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. வீட்டு ஆள் படத்தை வேறு டாக்டர் பார்க்கட்டும் என்று மருமகள்தான் முதலில் சொன்னாள். "வீட்டுல படிச்ச பொண்ணு இருக்கறப்போ வெளியாள் கையெழுத்து எதுக்கு?" என்று அடம் பிடித்தவரும் அவரேதான்.

"டம்ளரைக் கழுவினது நான்" என்றாள் மனைவி.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்குக் காலையில. அடியில காபி ஒட்டிக் கிடந்துச்சு. சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். ரிப்போர்ட் நல்லா வந்ததும் பேசாம விட்டுட்டேன். அது என் தப்பு."

"இப்போ சொல்லி என்ன ஆகப் போகுது? நான் குடிக்காம இருந்தாலும் அந்த மிஷின்ல முள்ளு நடுவுலதான் நின்னிருக்கும். அவளே சொன்னாளே, கேட்டியே."

"நின்னிருக்கலாம். ஆனா கீழ அவளை மிஷினைப் பத்தியா கேக்கறாங்க? உங்களை எதுக்கு நம்பினேன்னு கேக்கறாங்க." துண்டைக் கட்டிலில் வைத்தாள். "என்ன பதில் சொல்லுவா பாவம்? சொல்லுங்க. நீங்களே சொல்லிக் குடுங்க, போய்ச் சொல்றேன்."

சுவர்க் கடிகாரம் பத்து நாற்பதைக் காட்டியது. இடது மார்புக்குள் யாரோ முஷ்டியை மெதுவாக மூடுவது போல ஒரு இறுக்கம் வந்து போனது. முத்திரைக்காரர் காலைத் தரையில் ஊன்றினார்.

"சம்பந்தியைக் கூப்பிடு. சக்கர நாற்காலி ஒண்ணு தள்ளிட்டு வரச் சொல்லு."

நர்ஸ் வாசலிலேயே மறித்தாள். "நாளைக்கு ஆபரேஷன், இன்னைக்கு ஊர்வலமா? படுங்கய்யா!"

"ரெண்டாம் மாடி வரைக்கும்தான். வழியில எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பிடிவாதம்னு எழுதிக்கோம்மா. கையெழுத்து வேணும்னாலும் போடறேன்."

"உங்க கையெழுத்தை வெச்சு நான் என்ன பண்ண?" என்று முணுமுணுத்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் ஆக்சிஜன் சிலிண்டரோடு தானும் கிளம்பினாள்.

சம்பந்தி தள்ளினார். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கியது. மூன்றாம் மாடியில் முஷ்டி மறுபடி மூடியது; இந்த முறை இடது தோள் வரை இழுத்தது. முத்திரைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்து நாக்கைத் தூக்கி அடித்துக்கொண்டார். நெற்றி வியர்த்தது. சம்பந்தி குனிந்து பார்த்தார்.

"திரும்பிடலாம் சம்பந்தி. நான் போய்ச் சொல்றேன், என்னன்னு சொல்லுங்க."

"நீங்க சொல்ல முடியாது. நீங்க கேக்கணும்."

கூட்ட அறைக் கதவை நர்ஸ் தட்டினாள். நீளமான மேஜையைச் சுற்றி ஆறு பேர். சுவரில் பெரிய திரை. திரையின் இடது பாதியில் வரிசை வரிசையாக ஆரஞ்சு வளையங்கள். ஒவ்வொன்றும் முழுசாக, அழகாக, ஒரு இடத்தில்கூட மங்காமல். வலது பாதியிலும் வளையங்கள்தான். ஆனால் பக்கத்தில் எண்கள். மூன்று வரிசை, மூன்றிலும் ஒன்றேகாலை ஒட்டியே. படிக்கல் இல்லாத தராசும் படிக்கல் வைத்த தராசும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை முத்திரைக்காரர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். முப்பத்து நான்கு வருஷம் அவர் செய்த வேலையும் இதுதானே.

திரைக்குப் பக்கத்தில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "மாமா! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

மேஜைத் தலைமாட்டில் இருந்த பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நோயாளி இங்க வரக் கூடாதுங்க. இது டாக்டர்கள் கூட்டம்."

"நான் நோயாளியா வரலை. அந்த இடது பக்கப் படத்துக்குச் சாட்சியா வந்திருக்கேன். ரெண்டே வார்த்தை."

அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றார். நர்ஸ் தோளைத் தொட்டாள், அவர் அசையவில்லை. உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமாக அவருக்கு அது தோன்றவில்லை.

"அன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்கு நான் காபி குடிச்சேன். மருந்து ஏத்தினது ஒன்பதே காலுக்கு. குடிச்சீங்களான்னு இந்த அம்மா மாதிரி ஒரு நர்ஸ் கேட்டாங்க. நான் ஆமான்னு சொல்லலை. இல்லைன்னும் வாயால சொல்லலை. சொல்லாமலே இல்லைன்னு எழுத வெச்சேன். அது பொய்யை விட மோசம்."

பின்னால் சம்பந்தி மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது.

"எவ்வளவு?" என்றார் பெரிய டாக்டர்.

"அரை டம்ளர். நூறு மில்லி. திக்கா."

"ஏன் மறைச்சீங்க?"

"பக்கத்துல என் சம்பந்தி இருந்தார். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவருக்குக் கட்டுப்பாட்டைப் பத்திப் பாடம் எடுத்திருந்தேன்." தொண்டையைச் செருமினார். "வெக்கம்தான். வேற ஒண்ணும் இல்ல. இந்தப் பொண்ணு என் வார்த்தையை முத்திரை குத்தின படிக்கல்லுன்னு நம்பிட்டா. கள்ளப் படிக்கல்லைக் குடுத்தவன் நான். தண்டனை அவளுக்கு வரக் கூடாது."

பெரிய டாக்டர் திரையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "காபி ஏமாத்தியிருக்கலாம். மூணு குழாயும் ஒரே அளவுல சுருங்கினதால பழைய மிஷினே ஏமாந்திருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம். எதுன்னு இப்போ யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொன்னது குறிப்புல ஏறணும். உட்காருங்க முதல்ல."

"சார், நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள் மருமகள். நிற்காமல் சொல்லி முடித்தாள். "மாமா சொன்னதோட என் தப்பு கழியாது. நாடி ஏறலைன்னு பாத்தேன். வேற யாரா இருந்தாலும் மறு நாள் வரச் சொல்லியிருப்பேன், இல்லைன்னா பெட்டுக்கு அனுப்பியிருப்பேன். இவர்ங்கறதால விட்டேன். வீட்டு ஆள் படத்தை நான் பாத்திருக்கவே கூடாது. அதையும் எழுதிக்கோங்க."

முத்திரைக்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார். அவளுடைய முதுகும் நேராகத்தான் இருந்தது.

முடிவை அங்கேயே சொல்லவில்லை. வெளியே தாழ்வாரத்தில் இருபது நிமிஷம் காத்திருந்தார்கள். நர்ஸ் நாடி பார்த்தபடியே இருந்தாள். சம்பந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார்.

"என் தராசு அன்னைக்கு நாப்பது கிராம் கம்மி."

"ஆமா."

"கெஞ்சினேன். சின்னப் பிழை, விட்டுடுங்கன்னு. விடலை நீங்க."

"விடலை."

"அரை டம்ளரை என்ன பண்ணலாம் சம்பந்தி?"

முத்திரைக்காரர் யோசிக்கவில்லை. "பறிமுதல்தான்."

சம்பந்தி சிரிக்கப் போனவர் சிரிக்க முடியாமல் அவர் தோளில் கையை வைத்தார். முத்திரைக்காரர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

கதவு திறந்தது. மருமகள் தனியாக வந்தாள். "கையெழுத்து என்கிட்டயே இருக்கும். வீட்டு ஆள், சொந்தக்காரங்க படம் மட்டும் பாக்கக் கூடாது. அப்புறம், நாடி ஏறலைன்னா யார் என்ன சொன்னாலும் திருப்பி எடுக்கணும், இல்லைன்னா பெட்டுக்கு அனுப்பணும். இனிமே எங்க பிரிவுல அதுதான் விதி." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அப்பாவிடமிருந்து சக்கர நாற்காலியை வாங்கித் தானே தள்ள ஆரம்பித்தாள்.

நாற்காலியை லிஃப்டுக்குள் ஏற்றினாள். கதவு மூடியதும் அவர் தலைக்கு மேலிருந்து குரல் வந்தது.

"மூணு வாரம் மாமா. நெஞ்சு நல்லா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு நீங்க படி ஏறினீங்க, மூட்டை தூக்கினீங்க. எங்கயாவது விழுந்திருந்தா, நான் போட்ட கையெழுத்தாலதான் போனீங்கன்னு ஆயுசுக்கும் நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன். அதை யோசிச்சீங்களா?"

"இல்லம்மா."

"கோவம் வருது எனக்கு. இன்னைக்குப் போகாது."

"போக வேண்டாம். இருக்கட்டும்."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவரைப் பச்சைத் துணி போர்த்தி, தள்ளுகட்டிலில் அறுவை அறை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மருமகள், கால்மாட்டில் சம்பந்தி. புது நர்ஸ் ஒருத்தி அட்டையில் காகிதம் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். பெயர், வயது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. பிறகு தலை நிமிராமல், "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல ஏதாவது சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?" என்றாள்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"சாப்பிடலை. காபி இல்ல, டீ இல்ல" என்றார் முத்திரைக்காரர். சற்று நிறுத்தினார். "அஞ்சு மணிக்குப் பல் தேய்ச்சேன். கொப்பளிக்கறப்போ ஒரு வாய் தண்ணி உள்ள போயிடுச்சு. ஒரு ஸ்பூன் இருக்கும்."

"அதெல்லாம் பரவாயில்லைங்கய்யா."

"பரவாயில்லையா இல்லையான்னு டாக்டர் சொல்லட்டும். நீ எழுதிக்கோ."

நர்ஸ் மருமகளைப் பார்த்தாள். மருமகளின் முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. அதோடேயே குனிந்து, அவர் கழுத்து வரை துணியை இழுத்து விட்டாள்.

"எழுதுங்க சிஸ்டர்" என்றாள். "ஒரு ஸ்பூன், அஞ்சு மணி."